மூன்று காரணப்பெயர்கள்: உட்கருவின் வாயிலும் உயிரணுப் பகுப்பும்

பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று இரண்டாக வகுத்தது நம் இலக்கணம். மண், மரம் என்பவற்றுக்கு ஏன் அப்பெயர் என்று கேட்டால் பதில் இல்லை. முன்னோர் இட்டார்கள், நாம் வழங்குகிறோம். பறவை, நாற்காலி என்பவற்றுக்கோ காரணம் பெயருக்குள்ளேயே இருக்கிறது. அறிவியலில் வழங்கும் பெயர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தவை. ஆனால் அங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரு பொருளை முதலில் காண்பவர், தம் கண்ணில் பட்ட ஏதோ ஒரு செயலை வைத்துப் பெயரிட்டுவிடுகிறார். ஆண்டுகள் சில கழிந்தபின் அப்பொருளின் முதன்மையான தொழில் வேறொன்று என்று தெரியவருகிறது. அதற்குள் பெயர் ஊரெங்கும் பரவிவிட்டதால் மாற்ற இயலுவதில்லை. காரணம் உதிர்ந்துபோய், காரணப்பெயர் வெறும் இடுகுறியாக நின்றுவிடுகிறது.

உயிரணுவின் உட்கருவுக்கு உள்ளும் புறமும் நடக்கும் போக்குவரத்தை ஆராய்ந்தவர்களுக்கு 1990-களில் இப்படி மூன்று பெயர்கள் எதிர்ப்பட்டன. மூன்றும் குரோமோசோம்களை வைத்து இடப்பட்டவை. அப்பெயர்களைத் தாங்கிய புரதங்களோ சரக்கு ஏற்றி இறக்கும் வேலையைச் செய்துகொண்டிருந்தன. பெயரிட்டவர்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டவிருந்த வேளையில் கதை திரும்பியது. அந்தத் திருப்பத்தின் வரலாற்றை இங்கே சொல்ல விழைகிறோம். கலைச்சொற்கள் சில வந்தே தீரும். இலக்கிய வாசகர்கள் சற்றுப் பொறுமையோடு உடன்வர வேண்டுகிறோம்.

*

1831-இல் ராபர்ட் பிரௌன் என்னும் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர், ஆர்க்கிட் செடிகளின் மேல்தோல் உயிரணுக்களில் வட்டமான புள்ளி ஒன்றைத் திரும்பத் திரும்பக் கண்டு, அதற்கு நியூக்ளியஸ் என்று பெயரிட்டார். இலத்தீனில் அச்சொல் கொட்டைக்குள் இருக்கும் பருப்பைக் குறிக்கும். நாம் அதனை உட்கரு என்கிறோம். அரை நூற்றாண்டு கழிந்து, 1882-இல், ஜெர்மனியின் கீல் நகரில் பேராசிரியராக இருந்த வால்தர் ஃபிளெம்மிங் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். சாலமாண்டரின் இளவுயிரிகளிலிருந்து எடுத்த உயிரணுக்களுக்குச் சாயமேற்றி அவர் உருப்பெருக்கியில் பார்த்திருந்தார். உயிரணு இரண்டாகப் பிரியும்போது உட்கருவின் உள்ளீடு நூல்நூலாகத் திரள்வதையும், ஒவ்வொரு நூலும் நீளவாக்கில் பிளந்து இரு திசைகளில் விலகுவதையும் அவர் விரிவாக எழுதினார். நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்நிகழ்ச்சிக்கு மைட்டாசிஸ் என்று பெயர் வைத்தார். 1888-இல் வால்டயர் என்னும் மற்றொரு ஜெர்மானியர் அந்த நூல்களுக்குக் குரோமோசோம், அதாவது நிறமேறும் உடல், என்ற பெயரைத் தந்தார். நூல்களைப் பிரித்து இழுக்கும் இழைக்கட்டு நடுவே பருத்து இரு முனைகளிலும் கூர்ந்து, நூற்கும் கதிரை ஒத்திருந்தது. நம் பாடநூல்களில் அது கதிர்கோல். நூற்பவர்களின் சொற்கள் இவ்வாறு உயிரணுவுக்குள் குடியேறின.

ஃபிளெம்மிங்கின் தலைமுறை கண்ட இன்னொரு காட்சிதான் நம் கதைக்கு வித்து. விலங்குகளிலும் தாவரங்களிலும், பகுப்பு தொடங்கிய சிறிது நேரத்தில் உட்கருவைச் சூழ்ந்த உறை கரைந்து மறைகிறது. பகுப்பு முடிந்தபின் இரண்டு புதிய உட்கருக்களைச் சுற்றி அது மீண்டும் தோன்றுகிறது. இடைப்பட்ட நேரத்தில் குரோமோசோம்கள் மதிலற்ற வெளியில் கிடக்கின்றன. கதிர்கோலை ஆக்கும் நுண்குழல்கள் என்னும் இழைகளின் மூலப்பொருள் உயிரணு முழுவதும் பரவிக் கிடக்கிறது. அப்படியிருக்க, கதிர்கோல் ஏன் குரோமோசோம்களைச் சுற்றியே எழுகிறது? மதில் கரைந்த பின்பு, பொக்கிஷம் இருக்கும் இடத்தை உயிரணு எப்படி அறிகிறது? பகுப்பில் ஒரு குரோமோசோம் தவறான பக்கம் போனால் அதன் விளைவைச் சந்ததி சுமக்க நேரும் என்பதால் இது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி அன்று. விடை நூறாண்டுகளுக்கு மேல் காத்திருந்து, யாரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது.

*

இப்போது நம் மூன்று பெயர்களுக்கு வருவோம்.

முதற்பெயர் ஹாம்ஸ்டர் எலியின் சிறுநீரக உயிரணுக்களிலிருந்து பிறந்தது. தகேஹரு நிஷிமோட்டோ என்ற ஜப்பானிய ஆய்வாளரும் நியூயார்க்கில் பணிபுரிந்த கிளாடியோ பசிலிக்கோவும், வெப்பம் ஏறினால் மட்டும் பழுதுபடும் பிறழ்வு உயிரணுக்களைத் தேடிப் பிரித்தெடுத்தார்கள். அவற்றுள் ஒன்று விசித்திரமாக நடந்துகொண்டது. குறைந்த வெப்பத்தில் இயல்பாக வளர்ந்த அந்த உயிரணு, வெப்பநிலை 40 பாகை செல்சியஸை நெருங்கியதும், டி.என்.ஏ.வைப் படியெடுத்து முடிக்கும் முன்பே குரோமோசோம்களைத் திரட்டத் தொடங்கிவிட்டது. கதிர் முற்றும் முன்பே அறுவடைக்கு இறங்கியது போல. இதனை அவர்கள் 1978-இல் வெளியிட்டார்கள். 1987-இல், அப்போது கியூஷு பல்கலைக்கழகத்தில் இருந்த நிஷிமோட்டோவின் குழு, அப்பழுதைச் சரிசெய்யும் மனித மரபணுவைக் கண்டெடுத்தது. குரோமோசோம் திரள்வதை நெறிப்படுத்துவது என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, அதற்கு ஆர்.சி.சி.1 என்று பெயர் இட்டார்கள்.

இரண்டாவது பெயர் ஈஸ்ட்டில் கிடைத்தது. கிழக்கு ஆப்பிரிக்கத் தானிய மதுவிலிருந்து 1893-இல் பிரித்தெடுக்கப்பட்டு, ஸ்வாஹிலி மொழியில் மதுவைக் குறிக்கும் பொம்பே என்ற சொல்லைத் தன் பெயரில் சுமக்கும் ஈஸ்ட் அது. கியோட்டோவில் மிட்சுஹிரோ யனகிடாவின் ஆய்வகம், குளிரில் பழுதுபடும் அதன் பிறழ்வுகளைச் சேகரித்தது. ஒரு பிறழ்வில் குரோமோசோம்களின் வடிவமே குலைந்துபோயிருந்தது. 1989-இல் அடாச்சியும் யனகிடாவும் அதற்குக் காரணமான மரபணுவை அறிவித்தார்கள். குரோமோசோம் வட்டாரத்தைப் பேணுவது என்ற பொருளில் அது சி.ஆர்.எம்.1 ஆயிற்று.

மூன்றாவது, ரொட்டி சுடப் பயன்படும் ஈஸ்ட்டில் 1993-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டது. அந்த மரபணு பழுதானால் பகுப்பின்போது குரோமோசோம்கள் சரியாகப் பங்கிடப்படாமல் போயின. குரோமோசோம் பிரிதலைக் குறிக்கும் சொற்களிலிருந்து சி.எஸ்.இ.1 என்ற பெயர் வந்தது.

மூன்று ஆய்வகங்கள், மூன்று உயிர்கள், மூன்று வகையான பழுதுகள். ஒவ்வொருவரும் கெட்டுப்போன உயிரணுவைப் பார்த்து, கண்ணில் பட்டதை நேர்மையாகப் பெயராக்கினார்கள். அம்மூன்று மரபணுக்களுக்கும் தம்முள் உறவு உண்டு என்று அன்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

*

இதே காலத்தில் வேறொரு கூட்டத்தார் உட்கருவின் வாயில்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 1950-இல் கேலன், டாம்லின் என்னும் இருவர் நீர்நில வாழ்வனவற்றின் முட்டை உட்கருவை எலக்ட்ரான் உருப்பெருக்கியில் பார்த்து, அதன் உறை முழுவதும் துளைகள் இருப்பதைக் கண்டார்கள். அத்துளை ஒவ்வொன்றும் ஏறத்தாழ முப்பது வகைப் புரதங்கள் பல நூறு எண்ணிக்கையில் கூடிக் கட்டிய வளையம் என்பதை இன்று அறிவோம். சிறு மூலக்கூறுகள் தாமாகவே அதன் வழியே நுழைந்து வெளியேறும். பெரிய புரதங்களுக்கு அனுமதி வேண்டும்.

அந்த அனுமதி புரதத்தின் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது என்பது 1980-களில் தெளிந்தது. 1982-இல் கேம்பிரிட்ஜில் ரொனால்ட் லாஸ்கியின் குழு, நியூக்ளியோபிளாஸ்மின் என்னும் புரதத்தின் வால்பகுதியை நீக்கினால் அது உட்கருவுக்குள் நுழைய முடியாமல் தவிப்பதைக் காட்டியது. 1984-இல் டேனியல் கால்டெரனும் ஆலன் ஸ்மித்தும் அவர்களது தோழர்களும், குரங்கு வைரஸ் ஒன்றின் புரதத்தில் ஏழே அமினோ அமிலங்கள் கொண்ட முத்திரையை அடையாளம் கண்டார்கள். அதில் குறிப்பிட்ட ஒரு லைசினை மாற்றினாலே போதும், அந்தப் புரதம் வாயிலுக்கு வெளியே நின்றுவிடும். ஓர் எழுத்துப் பிழையால் ஓலை திருப்பி அனுப்பப்படுவது போன்றது இது.

ஓலையைப் படிப்பவர் யார், ஆளை அக்கரை சேர்ப்பவர் யார் என்பது அடுத்த கேள்வி. 1994, 1995 ஆண்டுகளில் டிர்க் கோர்லிஷும் பிறரும் அந்த ஓடக்காரர்களைப் பிரித்தெடுத்தார்கள். இம்போர்ட்டின் ஆல்ஃபா முத்திரையைப் படித்துச் சரக்கைப் பற்றிக்கொள்ளும். இம்போர்ட்டின் பீட்டா இருவரையும் துளை வழியே உள்ளே கொண்டுசெல்லும்.

ஆனால் ஓடக்காரருக்கு அக்கரை வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? கண்ணற்ற மூலக்கூறுக்கு உள்ளும் புறமும் ஒன்றுதானே? இங்கேதான் ரான் என்னும் சிறு புரதம் வருகிறது. குவானோசின் என்னும் பொருளை அது எப்போதும் பற்றியிருக்கும். அப்பொருளில் சிலபோது மூன்று பாஸ்பேட்டுகள், சிலபோது இரண்டு. இவ்விரு நிலைகளின் ஆங்கிலச் சுருக்கங்களும் தமிழில் எழுதினால் ஒன்றுபோலவே ஆகிவிடுகின்றன. எனவே நாம் முப்பாஸ்பேட் ரான், இருபாஸ்பேட் ரான் என்று விரித்தே சொல்வோம். 1993-இல் நியூயார்க்கில் மேரி மூரும் குந்தர் ப்ளோபெலும், கலிபோர்னியாவில் மெல்ஷியோரும் ஜெராஸும் அவர்களது குழுவினரும், ரான் இல்லாமல் உட்கருவுக்குள் சரக்கு போவதில்லை என்று தனித்தனியே காட்டினார்கள்.

ஏற்பாடு மிக எளிமையானது. இருபாஸ்பேட் ரானை முப்பாஸ்பேட் ரானாக மாற்றும் புரதம் உட்கருவுக்குள் மட்டும், அதுவும் குரோமோசோம்களின் மேலேயே, உட்கார்ந்திருக்கிறது. மறுபடி இருபாஸ்பேட்டாகக் குறைக்கத் தூண்டும் புரதம் உறைக்கு வெளியே இருக்கிறது. ஆகவே உள்ளே முப்பாஸ்பேட் ரான் மிகுதி. வெளியே அது அரிது. சரக்கோடு உள்ளே வந்த இம்போர்ட்டினை முப்பாஸ்பேட் ரான் தொட்டதும் அது சரக்கை விட்டுவிடுகிறது. வெளியே கொண்டுசெல்லும் எக்ஸ்போர்ட்டின்களுக்கு விதி நேர்மாறு. முப்பாஸ்பேட் ரானோடு சேர்ந்தால்தான் அவை சரக்கைப் பற்றும். வெளியே வந்து ரான் தன் பாஸ்பேட் ஒன்றை இழந்ததும் விட்டுவிடும். ஓடக்காரர்களைப் பொறுத்தவரை, முப்பாஸ்பேட் ரான் எங்கே மிகுந்திருக்கிறதோ அதுவே ‘உள்’. அவர்கள் அறிந்த பூகோளம் அவ்வளவுதான்.

குரோமோசோம் மேல் அமர்ந்து ரானை மாற்றிக்கொண்டிருந்த அந்தப் புரதம் எது? ஹைடல்பெர்க்கில் உள்ள ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பிஷாஃபும் போன்ஸ்டிங்கலும் 1991-இலேயே கண்டிருந்தார்கள். அது நிஷிமோட்டோவின் ஆர்.சி.சி.1.

1997-இல் அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வந்தன. உட்கருவிலிருந்து வெளியேறுவதற்கான முத்திரையைப் படித்துச் சரக்கை வெளியே கொண்டுபோகும் முதன்மையான ஓடக்காரர் யார் என்று பல குழுக்கள் ஒரே ஆண்டில் கண்டறிந்தன. அது யனகிடாவின் சி.ஆர்.எம்.1. உள்ளே போன இம்போர்ட்டின் ஆல்ஃபாவை அடுத்த நடைக்காக வெளியே திருப்பிக் கொண்டுவருவது எது என்று கோர்லிஷின் குழு தேடியபோது கையில் சிக்கியது சி.எஸ்.இ.1-இன் மனித உறவு.

குரோமோசோம் திரட்சி, குரோமோசோம் பேணல், குரோமோசோம் பிரிதல் என்று பெயர் தாங்கிய மூவரும் ஒரே படகுத்துறையின் ஊழியர்களாக வெளிப்பட்டார்கள்.

*

இப்போது எழுந்த வாதம் நியாயமானது. துறைமுகம் மூடப்பட்டால் ஊரில் சந்தை நிற்கும், பள்ளிக்கூடம் நிற்கும், கல்யாணமும் தள்ளிப்போகும். அதற்காகத் துறைமுக அதிகாரியைக் கல்யாணத் தரகர் என்று அழைக்கலாமா? உட்கருவுக்குள் எதுவும் போகாமலும் அதிலிருந்து எதுவும் வராமலும் நின்றுவிட்டால், குரோமோசோம்கள் குலைவது பல விளைவுகளுள் ஒரு விளைவு. பெயரிட்டவர்கள் அந்தக் கடைசி விளைவைப் பார்த்துவிட்டு, அதுவே தொழில் என்று எண்ணிவிட்டார்கள். இப்படித்தான் பலர் கருதினார்கள்.

போக்குவரத்துக்குப் பகுப்பில் ஒரு பங்கு உண்டு என்பதை அவர்களும் மறுக்கவில்லை. உயிரணுவைப் பகுப்புக்குள் தள்ளும் நொதியின் கூட்டாளியான சைக்ளின் பி1 என்னும் புரதம், பகுப்பு தொடங்கும் வேளை வரை உட்கருவுக்கு வெளியிலேயே தங்கியிருப்பதை 1991-இல் ஜொனாதன் பைன்ஸும் டோனி ஹண்டரும் கண்டார்கள். அது வெளியே சும்மா நிற்கவில்லை, ஓயாமல் உள்ளே நுழைந்துகொண்டிருக்கிறது, அதே வேகத்தில் சி.ஆர்.எம்.1 அதனை வெளியே கொண்டுவந்து விடுகிறது என்று 1998-இல் வெவ்வேறு குழுக்கள் காட்டின. வேளை வந்ததும் சைக்ளின் பி1-இன் மீது பாஸ்பேட்டுகள் ஏறுகின்றன, வெளியேற்றம் தடைப்படுகிறது, அது உட்கருவுக்குள் தங்கிவிடுகிறது. காலத்துக்கு முன் நுழைபவரைத் திருப்பி அனுப்பும் காவல் இது. ஆயினும் இதுவும் மதில் நிற்கும்வரை நடக்கும் வேலைதான். மதில் கரைந்தபின் ஓடக்காரருக்கு என்ன வேலை?

இவ்வழக்கைத் தீர்க்க மதிலே இல்லாத ஓரிடம் தேவைப்பட்டது. மதில் இல்லையேல் போக்குவரத்து இல்லை. அங்கும் இப்புரதங்கள் பகுப்புக்கு உதவினால், பெயர்களுக்குக் காரணம் உண்டு என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த இடம் தவளை முட்டைக்குள் இருந்தது. நகமுள்ள ஆப்பிரிக்கத் தவளை ஒன்று, மனிதப் பெண்களின் கர்ப்பத்தைச் சோதிக்கும் கருவியாக 1930-களில் ஆய்வகங்களுக்குள் வந்து, அங்கேயே நிலைத்துவிட்டது. அதன் முட்டைகளை மையவிலக்கியில் சுழற்றிச் சாறெடுத்தால், பகுப்பு நிலையிலேயே உறைந்து நிற்கும் உயிரணுவின் உள்ளீடு சோதனைக் குழாயில் கிடைக்கும். உறையும் இல்லை, உட்கருவும் இல்லை. 1996-இல் ரெபெக்கா ஹீல்டும் எரிக் கார்செண்டியும் தோழர்களும் ஹைடல்பெர்க்கிலுள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில், டி.என்.ஏ. பூசிய நுண்ணிய காந்த மணிகளை அச்சாற்றில் இட்டார்கள். மணிகளைச் சுற்றிக் கதிர்கோல் எழுந்தது. டி.என்.ஏ.வும் அதன்மேல் படியும் புரதங்களும் சேர்ந்து ஏதோ ஒரு சைகையைச் சுற்றுவெளிக்கு அனுப்புகின்றன என்பது உறுதியாயிற்று. சைகை எது என்பது மட்டும் தெரியவில்லை.

1999-இல் ஐந்து குழுக்கள் ஏறத்தாழ ஒரே வேளையில் விடையை வெளியிட்டன. மூன்று பாஸ்பேட்டுகளை இழக்க முடியாதபடி மாற்றப்பட்ட ரானைச் சாற்றில் கலந்தால், குரோமோசோமே இல்லாதபோதும் நுண்குழல்கள் முளைத்து விண்மீன் வடிவில் விரிந்தன. சில கதிர்கோல் போன்ற உருவையும் எடுத்தன. ரானின் செயலை முடக்கினாலோ, குரோமோசோம்கள் இருந்தும் கதிர்கோல் ஒழுங்காக எழவில்லை. அவ்வைந்து குழுக்களுள் ஒன்றில் நிஷிமோட்டோவும் இருந்தார். பெயர் சூட்டிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பெயரின் காரணத்தை அவரே மீட்டுத் தந்தார் என்று சொல்லலாம். புரதங்கள் தாம் சேர வேண்டிய இடத்துக்கான முகவரியைத் தம்முள்ளேயே கொண்டிருக்கின்றன என்று கண்டதற்காகக் குந்தர் ப்ளோபெல் நோபல் பரிசு பெற்றதும் அதே 1999-இல்தான்.

எப்படி என்ற கேள்விக்கு 2001-இல் பதில் வந்தது. கதிர்கோல் கட்டத் தேவையான டி.பி.எக்ஸ்.2, நியூமா முதலான புரதங்கள் உட்கருவுக்குள் செல்வதற்கான முத்திரை கொண்டவை. சாதாரண நாட்களில் இம்போர்ட்டின்கள் அவற்றைச் சுமந்து உள்ளே விடுகின்றன. மதில் கரைந்தபின் இம்போர்ட்டின்கள் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்வதில்லை. முத்திரையைக் கண்டால் பற்றிக்கொள்கின்றன. ஆனால் இப்போது அந்தப் பிடி சிறையாகிறது. பிடிபட்ட புரதத்தால் நுண்குழல்களை ஒழுங்கு செய்ய முடியாது. குரோமோசோமின் அருகே மட்டும் நிலைமை வேறு. அங்கே ஆர்.சி.சி.1 இன்னும் தன் இருக்கையைவிட்டு எழவில்லை. முப்பாஸ்பேட் ரானை ஆக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த ரான் தொட்டதும் இம்போர்ட்டின் தன் கைதியை விடுவிக்கிறது. விடுபட்ட டி.பி.எக்ஸ்.2 அங்கேயே நுண்குழல்களை முளைக்கச் செய்கிறது.

அக்கரையில் சரக்கை இறக்குவதும், குரோமோசோமருகே கைதியை விடுவிப்பதும் வேதியியலில் ஒரே செயல். மதில் இருந்தபோது ‘உள்ளே வந்துவிட்டாய்’ என்று பொருள்பட்ட அதே சைகை, மதில் கரைந்தபின் ‘குரோமோசோமுக்குப் பக்கத்தில் இருக்கிறாய்’ என்று பொருள்படுகிறது. கோயில் மதில் இடிந்து கிடந்தாலும் கருவறையில் விளக்கு எரியுமானால், இருளில் வருபவருக்குத் தெய்வம் இருக்குமிடம் தெரிந்துவிடும். ஆர்.சி.சி.1 ஏற்றுவது அந்த விளக்கு.

இது வெறும் உவமை அன்று என்பதை 2002-இல் கலாப், வைஸ், ஹீல்ட் ஆகிய மூவரும் கண்ணுக்கே காட்டினார்கள். முப்பாஸ்பேட் ரான் இருக்குமிடத்துக்கேற்ப ஒளிரும் நிறம் மாறும் புரதம் ஒன்றைச் செய்து முட்டைச் சாற்றில் கலந்தபோது, குரோமோசோம்களைச் சூழ்ந்து செறிந்தும் விலக விலக மங்கியும் ஓர் ஒளிவட்டம் போல அச்சைகை புலப்பட்டது. 2006-இல் அதே வட்டம் பிரியும் மனித உயிரணுக்களிலும் காணப்பட்டது.

பகுப்பு முடிந்தபின்னும் விளக்கு அணைவதில்லை. 2000-இல் ஜாங், கிளார்க் இருவரும் டி.என்.ஏ. சிறிதும் இல்லாத மணிகளின் மேல் ரானைப் பூசி முட்டைச் சாற்றில் இட்டார்கள். அம்மணிகளைச் சுற்றித் துளைகளோடு கூடிய உட்கரு உறையே எழுந்து நின்றது. மதிலைக் கட்டும் கொத்தர்களுக்கும் இதே விளக்குதான் அடையாளம்.

*

இந்த வெற்றியை மிகைப்படுத்திச் சொல்லலாகாது. நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் கதிர்கோலின் இரு முனைகளிலும் சென்ட்ரோசோம் என்னும் உறுப்பு அமர்ந்து நுண்குழல்களை முளைக்கவைக்கிறது. அங்கே ரானின் வழி துணைவழி. எலியின் முட்டை, தன் முதற்பகுப்பில், ரான் இல்லாமலும் ஒருவாறு கதிர்கோல் கட்டிவிடும் என்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உயிர் ஒரே கயிற்றை நம்பித் தொங்குவதில்லை.

ஆனால் சென்ட்ரோசோம் இல்லாத இடம் ஒன்று நம்மிலேயே உண்டு. அது மனிதப் பெண்ணின் சினைமுட்டை. 2015-இல் மெலினா ஷூவின் குழு மனித முட்டைகளில் கதிர்கோல் எழுவதை முதல்முறையாக விரிவாகப் பின்தொடர்ந்தது. அங்கே குரோமோசோம்களும் ரானுமே கதிர்கோலைக் கட்டுகின்றன. அதற்குப் பிடிக்கும் நேரம் ஏறத்தாழ 16 மணி. அவ்வளவு நேரமும் கட்டுமானம் தள்ளாடுகிறது; முனைகள் பிரிந்து கூடுகின்றன; குரோமோசோம் தவறான பக்கம் இழுபட வாய்ப்பு மிகுகிறது. கருச்சிதைவுகள் பலவற்றுக்கும் டவுன் நோய்க்குறி போன்ற நிலைகளுக்கும் முட்டையில் நேரும் இத்தகைய பங்கீட்டுப் பிழைகள் முக்கியக் காரணம். கருத்தரித்து இழந்த பெண்ணைக் குற்றவாளியாக்கிப் பேசும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் முழுதாக ஒழிந்துவிடவில்லை. அவள் உண்டதும் நடந்ததும் காரணமாகாத ஒரு பிழை, ஒற்றை உயிரணுவின் இருளில், விளக்கு சற்றே நடுங்கியதால் நேர்ந்திருக்கக்கூடும். அதனை அறிந்திருப்பது யாருக்கும் நல்லது.

சி.ஆர்.எம்.1-இன் கதை மருத்துவத்தை எட்டியது. ஒரு மண்பாக்டீரியா சுரக்கும் லெப்டோமைசின் பி என்னும் பொருள், சி.ஆர்.எம்.1-இன் ஒரேயொரு சிஸ்டீனைப் பற்றி அதனை முடக்குகிறது என்பது 1990-களில் தெளிவானது. அதனை மருந்தாக்க அதன் நஞ்சு தடையாயிற்று. அதே இடத்தைப் பற்றும், ஆனால் தாங்கக்கூடிய செயற்கைப் பொருளான செலினெக்சார், மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டியை அடக்கும் புரதங்களை உட்கருவிலிருந்து வெளியேற விடாமல் தங்கவைப்பது அதன் உத்திகளுள் ஒன்று.

ஆக, நம் மூன்று பெயர்களின் நிலை என்ன? ஆர்.சி.சி.1 தன் காரணத்தை முழுமையாக மீட்டுக்கொண்டது. சி.ஆர்.எம்.1, மனித உயிரணுவின் மதில் கரைந்தபின், கதிர்கோல் இழைகள் குரோமோசோமைப் பற்றும் இடத்துக்கே சென்று பணிபுரிகிறது என்று 2005-இல் கண்டார்கள். அதன் பெயரும் ஓரளவு நிலைத்தது. சி.எஸ்.இ.1-இன் பங்கு இன்னும் ஓடத்தைத் திருப்பி அனுப்புவதன் வழியாகவே விளங்குகிறது. அது பெயர் பெற்ற ஈஸ்ட்டில் பகுப்பின்போதும் உறை கரைவதில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. அங்கே ஓடம் எப்போதும் தேவை.

இவ்வரலாற்றில் நம்மைக் கவர்வது யார் வென்றார் என்பதன்று. 1978-இல் ஒருவர் குலைந்த உயிரணுவைப் பார்த்து, அங்கே திரண்டு நின்ற குரோமோசோம்களை நம்பிப் பெயர் வைத்தார். அடுத்து வந்தவர்கள் நுட்பமான வேதியியலைக் கொண்டு அப்பெயர் மேலோட்டமானது என்றார்கள். அவர்கள் சொன்னதும் உண்மையே. ரான் இல்லாமல் சரக்கு நகராது. அவ்வேதியியலை இன்னும் ஆழமாகத் தோண்டியபோது, முதலாமவர் கண்டதே அடியிலும் கிடந்தது. கண்டதைக் கண்டபடி எழுதிவைத்த பெயருக்கு இப்படியொரு பொறுமை உண்டு. விளக்கம் மாறலாம், கூர்ந்து பார்த்த பார்வை எப்போதாவது தன் காரணத்தோடு திரும்பி வருகிறது.